ஆறரை லட்சத்தில் பழைய குடும்ப எஸ்யூவி: எக்ஸ்யூவி 500, இன்னோவா, டஸ்டர், கிரெட்டா – வாங்கிய பிறகு எது எவ்வளவு கேட்கும்?

உடுமலையில் இருக்கும் என் சித்தி மகன் ஆறரை லட்சம் சேர்த்து வைத்திருந்தான். வீட்டில் ஆறு பேர்: அவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், சித்தப்பா, சித்தி. "அண்ணா, ஆறரைக்குள்ள ஒரு பெரிய வண்டி பார்த்துக் கொடுங்க" என்றான். கோவை, திருப்பூர், பொள்ளாச்சி என்று ஒன்றரை மாதம் அலைந்து பதினொரு வண்டிகள் பார்த்தோம். கடைசியில் போட்டி நான்கு வண்டிகளுக்குள் நின்றது: மகிந்திரா எக்ஸ்யூவி 500, பழைய டொயோட்டா இன்னோவா, ரெனோ டஸ்டர், ஹூண்டாய் கிரெட்டா. எல்லாமே டீசல்.

இன்னோவாவை எஸ்யூவி என்று சொல்லக்கூடாது என்பது தெரியும். ஆனால் ஏழு பேர் போகிற வண்டி என்றதும் நம் ஊரில் முதலில் வாயில் வருவது அந்தப் பெயர்தான். அதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் அது முழு ஒப்பீடு ஆகாது.

தம்பியிடம் முதல் நாளே ஒன்று சொன்னேன். கையில் ஆறரை இருந்தால், பார்க்க வேண்டியது ஐந்து லட்சத்து வண்டி. மீதி ஒன்றரை வண்டிக்குத்தான், ஆனால் விற்பவர் கைக்குப் போகாது. பத்து வருடம் ஓடிய டீசல் வண்டியை ஒருவர் ஏன் விற்கிறார்? பல நேரம் அடுத்த பெரிய செலவு நெருங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் செலவு முதல் வருடத்திலேயே நம் தலையில் விழும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் 68,000 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டிய காரை இருந்த பணம் மொத்தமும் கொடுத்து வாங்கினேன். மூன்றாவது மாதம் கிளட்ச் போனது. பழைய சர்வீஸ் பதிவை எடுத்துப் பார்த்தபோது, எனக்கு விற்பதற்கு ஒரு வருடம் முன்பே அது 1,40,000 தாண்டியிருந்தது. கிளட்ச் மாற்றக் கையில் பணம் இல்லாமல் ஐந்து வாரம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அந்த ஐந்து வாரத்தை நினைத்துக்கொண்டுதான் தம்பிக்காக ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன்.

கீழே வரும் தொகைகள் எங்கள் பக்கத்து வெளி ஒர்க்‌ஷாப்களில் கேட்டவை, எல்லாமே தோராயம். கம்பெனி சர்வீஸில் இதைவிடக் கூடும்.

எக்ஸ்யூவி 500

தம்பி ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. 2011-இல் வந்து, 2021-இல் எக்ஸ்யூவி 700 வந்த பிறகு நின்றுபோன வண்டி. 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜின், 140 குதிரைத்திறன், ஆறு கியர். ஏழு இருக்கை, ஏறி உட்கார்ந்தால் விசாலம். 2015 மாடலை ஐந்து முதல் ஆறு லட்சத்துக்குள் கேட்டார்கள். புதிதாக இருந்தபோது அதன் விலையைக் கேட்டு விலகிப்போனவர்களுக்கு இப்போது அது கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது.

இவ்வளவு வண்டி இந்த விலைக்கு வருவதற்குக் காரணம் பராமரிப்புச் செலவுதான். இதன் எடை ஏறக்குறைய 1.8 டன். அந்த எடையை நம் ஊர் வேகத்தடைகளும் குழிகளும் நேராக முன்பக்க சஸ்பென்ஷனில், அதாவது சக்கர அதிர்வைத் தாங்கும் அமைப்பில், இறக்குகின்றன. லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவை தேய்ந்ததும் மெதுவாகப் போகும்போது கீழே "டக் டக்" என்று சத்தம் வரும். முன்பக்கம் மட்டும் சரிசெய்ய 15,000 முதல் 25,000 ரூபாய். நான்கு ஷாக் அப்சார்பரும் சேர்ந்தால் 40,000 பக்கம் போய்விடும். ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராக்கில் ஆயில் கசிவதும் அடிக்கடி கேள்விப்படுவது. பழுது நீக்கிய ராக் என்றால் 10,000 முதல் 15,000, புதிது என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

இவையெல்லாம் தாங்கக்கூடிய செலவுகள். நான் பயந்தது கிளட்சுக்கு. இந்த வண்டியில் இருப்பது இரட்டைப் பிளைவீல். பிளைவீல் என்றால் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம். டீசல் இன்ஜினின் உதறலை கியர்பாக்சுக்குப் போகவிடாமல் தடுக்க, ஒரே பிளைவீலை இரண்டு தட்டாகப் பிரித்து நடுவில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் மலைப்பாதையில் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்துப் பிடித்து ஏற்றினால் பிளேட் காய்ந்து கருகும், அந்தச் சூடு பிளைவீலையும் தாக்கும். பிறகு பிளேட் மட்டும் மாற்றினால் போதாது. கிளட்ச் செட்டும் பிளைவீலும் சேர்த்து 45,000 முதல் 60,000 ரூபாய் ஆகும்.

தம்பியின் மனைவிக்குப் பிறந்த வீடு வால்பாறை. ஆழியாறிலிருந்து மேலே போக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மாதம் ஒருமுறையாவது போவார்கள். இந்த ஒரு விவரம் எனக்குப் பல முடிவுகளை எளிதாக்கியது. அதே வண்டியைத் திருப்பூரில் சமதரையில் ஓட்டப்போகிறவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் இந்த மாதிரி டீசல் வண்டிகளுக்குப் பொது. புது டர்போ அரை லட்சத்துக்கு மேல். இன்ஜெக்டர் ஒன்று புதிதாக 15,000-க்குக் குறையாது, நான்கு இருக்கின்றன. 2011 முதல் 2013 வரை வந்த ஆரம்ப கால எக்ஸ்யூவிகளில் திரை, சென்சார் போன்ற எலக்ட்ரிக்கல் தொல்லைகளும் கூடுதல். வாங்குவதென்றால் 2015 மே மாதம் தோற்றம் மாற்றி வந்த வண்டிக்குப் பிந்தியதைப் பாருங்கள். டயர் 17 அங்குலம், நல்ல பிராண்டில் நான்கு டயர் 36,000 முதல் 40,000 ஆகும். இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க டைமிங் செயின் இருக்கிற இன்ஜின் என்பது ஒரு நிம்மதி, பெல்ட் மாற்றும் வேலை கிடையாது. இன்ஜினைப் பற்றி நான் பேசிய மெக்கானிக்குகள் யாரும் குறை சொல்லவில்லை. "இன்ஜின் ஓடும் சார், அதைச் சுத்தி இருக்கறதுதான் செலவு வைக்கும்" என்றார் பொள்ளாச்சியில் ஒருவர். பதினொரு வண்டிகளையும் பார்த்த பிறகு அவர் சொன்னதில் மாற்ற எனக்கு எதுவும் இல்லை.

இன்னோவா

2005 முதல் 2016 வரை வந்த பழைய இன்னோவா 2.5 டீசலைத்தான் சொல்கிறேன். 102 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர், பின்சக்கர ஓட்டம், லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த பாடி. அதற்குப் பிறகு வந்த புது இன்னோவாவான கிரிஸ்டா இந்தத் தொகைக்கு நல்ல நிலையில் கிடைக்காது.

பழுதுகள் இதற்கும் உண்டு. ஆனால் தெரிந்த பழுதுகள், தெரிந்த விலை. டைமிங் பெல்ட் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும், மீட்டரில் அதற்கென்றே ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. பெல்ட் ஓடும் உருளையான ஐட்லரோடு சேர்த்து 6,000 முதல் 10,000. நின்றபடி ஓடும்போது இன்ஜின் ஏறி இறங்கினால், டீசல் பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் சக்ஷன் கன்ட்ரோல் வால்வைச் சந்தேகிக்கலாம், அது 5,000 முதல் 8,000. கிளட்ச் 12,000 முதல் 18,000. டயர் 15 அங்குலம் என்பதால் எக்ஸ்யூவிக்கு ஆவதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் முடிந்துவிடும். உடுமலையில் எந்த மெக்கானிக்கிடம் விட்டாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பார்.

சிக்கல் வாங்கும் விலையில் இருக்கிறது. 2013 மாடலுக்கு ஆறரை, ஏழு என்றார்கள். அந்த விலைக்கு வந்தவற்றில் இரண்டு வண்டிகள் டாக்சியாக ஓடி, பிறகு மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றியவை. போர்டு மாற்றிய வண்டி எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன் மீட்டரை நான் நம்பமாட்டேன். நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவும் நன்றாக ஓடும் என்பது உண்மைதான். அப்படியென்றால் அதற்கு நான்கு லட்சம் ஓடிய வண்டிக்கான விலை கொடுக்க வேண்டும், ஒன்றரை லட்சம் ஓடியதன் விலையை அல்ல.

இன்னொன்றும் உறுத்தியது. 2012, 2013 வாக்கில் வந்த கீழ் ரகங்களில் ஏர்பேக் கிடையாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் போகிற வண்டி. ஏர்பேக் இல்லாத ரகத்தை விலை குறைத்துக் கொடுத்தாலும் எனக்கு மனம் வரவில்லை.

டஸ்டர்

2012-இல் வந்தது, நம் ஒரகடத்தில் செய்த வண்டி. 1.5 லிட்டர் டீசலில் இரண்டு வகை: 85 குதிரைத்திறனில் ஐந்து கியர், 110-இல் ஆறு கியர். டீசல் வகை 2020-இல் நின்றது. பழைய டஸ்டரின் விற்பனையே 2022-இல் முடிந்தது. அந்தப் பயத்தில் விலை நன்றாகவே இறங்கியிருக்கிறது. 2015, 2016 மாடல் 85 குதிரைத்திறன் வண்டியை நாலு, நாலேகால் லட்சம் என்றார்கள்.

"நின்னுபோன வண்டிக்கு ஸ்பேர் கிடைக்குமா அண்ணா?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் இந்த இன்ஜின் டஸ்டரில் மட்டும் வந்ததில்லை. நிசான் டெரானோ, சன்னி, மைக்ரா, ரெனோ ஸ்காலா என்று பல வண்டிகளில் இதே குடும்பத்து இன்ஜின் ஓடியது. ரெனோ சர்வீஸ் மையங்களும் இயங்குகின்றன. இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன் பாகங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று கோவையில் இரண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் நேரில் கேட்டுக்கொண்டோம். பம்பர், ஹெட்லைட் போன்ற பாடி பாகங்களுக்குத்தான் காத்திருக்க வேண்டிவரலாம்.

இதில் தவறவிடக்கூடாத ஒன்று டைமிங் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும், இன்ஜினின் மேல்பாதி போய்விடும். லட்சம் கிலோமீட்டர் தொடுவதற்குள் மாற்றியாக வேண்டும். குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதை மறக்கக்கூடாது. "போன வருஷம்தான் மாத்தினேன்" என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வண்டி வீட்டுக்கு வரும் வழியிலேயே மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வாட்டர் பம்ப்போடு சேர்த்து 10,000 முதல் 15,000 ரூபாய்.

அடுத்தது ஏசி. கூலிங் காயில் கசிவதாக உரிமையாளர்கள் பலர் சொல்கிறார்கள். அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், 12,000 முதல் 18,000. கிளட்ச் 85-இல் 15,000 முதல் 20,000-க்குள் முடியும். 110-இல் இரட்டைப் பிளைவீல், அதனால் எக்ஸ்யூவி போலவே செலவு வைக்கும். 110-இன் வேகம் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பழைய வண்டியாக வாங்குகிறவருக்கு 85 போதும் என்பது என் உறுதியான கருத்து. மலையேறும்போது சோம்பலாக இருக்கும், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுக்காது. கியரை ஒன்று குறைத்துப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

டஸ்டரின் பெரும் பலம் சஸ்பென்ஷன். தோப்புக்குப் போகும் மண்பாதையில் ஓட்டிப் பார்த்தபோது சித்தப்பாவே "இது தூக்கிப் போடலையே" என்றார். 475 லிட்டர் டிக்கியில் பொங்கலுக்குப் போகும் சாமான் மொத்தமும் அடங்கும். ஆனால் ஐந்து இருக்கைதான். பாதுகாப்பிலும் ரகம் பார்த்து வாங்க வேண்டும். 2017-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத டஸ்டர் பூஜ்யம் வாங்கியது, ஓட்டுநர் ஏர்பேக் இருந்த ரகம் மூன்று நட்சத்திரம். ஆகவே இரண்டு ஏர்பேக்கும், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள ரகமா என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்டோம், நிறத்தைக் கடைசியில்.

கிரெட்டா

இதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை, நல்ல வண்டி. 2015-இல் வந்தது, 1.6 டீசலில் 128 குதிரைத்திறன், டைமிங் செயின். அதிகம் கேள்விப்படும் குறை கிளட்ச் சீக்கிரம் தேய்வது, 20,000 முதல் 30,000 வரை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது "கடக்" என்று சத்தம் வந்தால் பயந்து ராக் மாற்றிவிடாதீர்கள். பல நேரம் ஸ்டியரிங் மோட்டாரில் இருக்கும் சிறிய ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கும். சில நூறு ரூபாய் பொருள், கழற்றி மாட்டும் கூலிதான் கூடுதல். 2016 மாடலுக்கே ஏழு முதல் எட்டு லட்சம் கேட்டார்கள், இருக்கையும் ஐந்துதான். டஸ்டரைவிட மூன்று லட்சம் அதிகம் கொடுத்தால் நல்ல உள் அலங்காரமும், பின்னால் விற்கும்போது நல்ல விலையும் கிடைக்கும். எங்களிடம் அந்த மூன்று லட்சம் இல்லை.

2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி குறைந்ததால், இதே தொகைக்குப் புது டாடா பஞ்ச்சின் தொடக்க ரகத்தை எடுக்கலாமே என்று தம்பியின் மனைவி கேட்டார். தம்பதியும் ஒரு குழந்தையும் என்றால் நானே அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து பழனிக்கோ மதுரைக்கோ போவதற்கு அதன் அகலம் போதாது என்பதால்தான் விட்டோம்.

ஏழு இருக்கை எத்தனை நாளுக்கு?

எங்கள் முடிவை மாற்றியது ஒரு பழைய நாட்காட்டி. ஆறு பேரும் ஒரே வண்டியில் போன நாட்களைப் போன வருட நாட்காட்டியில் குறித்துக் கொடுங்கள் என்று சித்தியிடம் கேட்டேன். இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வக் கோயில், மதுரை போய்வந்தது என்று எண்ணினால் மொத்தம் ஒன்பது நாள். மற்ற நாட்களில் மூன்று பேர், நான்கு பேர்தான். அந்த ஒன்பது நாளுக்கும் டிரைவரோடு இன்னோவா வாடகைக்கு எடுத்தாலும், ஏழு இருக்கை வண்டிக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் ஒன்று, இரண்டு லட்சம் சில வருடங்களுக்குத் தாங்கும். அது போக, எக்ஸ்யூவியின் மூன்றாவது வரிசையில் முட்டியை மடக்கித்தான் உட்கார வேண்டும். மூட்டு வலி உள்ள சித்தப்பாவை அங்கே உட்கார வைக்க முடியாது.

உங்கள் வீட்டு நாட்காட்டியில் ஒன்பதுக்குப் பதில் அறுபது வந்தால், யோசிக்காமல் இன்னோவா பக்கம் போங்கள். சர்வீஸ் பதிவு தெளிவாக இருக்கிற வண்டிக்காக மூன்று மாதம் காத்திருந்தாலும் சரி. எக்ஸ்யூவி யாருக்கு? அதிகம் சமதரையில் ஓடுகிறவர்கள், நம்பிக்கையான மகிந்திரா மெக்கானிக் பக்கத்தில் உள்ளவர்கள், வாங்கிய பிறகும் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் கையில் வைத்திருப்பவர்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

பார்க்கும்போது

விற்பவரிடம் "நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் இன்ஜெக்டர் கோளாறு வெளியே வரும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரக்கூடாது. கிளட்சுக்கு, ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்தது.

சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அதேபோல டெல்லி வண்டி. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் ஓட்டத் தடை வந்ததால் (2025-இல் உச்ச நீதிமன்றம் அதை ஓரளவு தளர்த்தியது) பல வண்டிகள் மலிவாக இங்கே வந்தன. என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடித்தால் அந்த மலிவில் பாதி கரைந்திருக்கும்.

அப்புறம், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை ஆயிரம், ஆயிரத்து ஐநூறு கொடுத்தாவது கூட்டிப் போங்கள். மீட்டரில் குறைத்த கிலோமீட்டர் சில வண்டிகளில் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் அப்படியே மாறாமல் இருக்கும். நாங்கள் பார்த்த பதினொன்றில் இரண்டு வண்டிகள் அப்படித்தான் மாட்டின.

கடைசியில் ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து 2016 டஸ்டர் 85, ஒரே ஓனர், 92,000 கிலோமீட்டர், 4,15,000 ரூபாய்க்கு முடித்தோம். டைமிங் பெல்ட்டுக்கு பில் இல்லை, அதைச் சொல்லித்தான் பத்தாயிரம் குறைத்தோம். வாங்கிய அன்றே ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஆயிலும் பில்டரும், முன்பக்க லிங்க் ராடும் புஷ்ஷும், பேட்டரி, நான்கு டயர் என மொத்தம் 74,000 ஆனது. மீதியைத் தம்பி தபால் நிலையக் கணக்கில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறான். கிளட்ச் இன்னும் பழையதுதான், வால்பாறைக்கு மூன்று முறை ஏறிவிட்டது. ஏசி மட்டும் மதிய வெயிலில் கொஞ்சம் திணறுகிறது. பங்குனிக்கு முன்னால் டேஷ்போர்டைக் கழற்றி காயிலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.